தங்கையனின் குவளை

1

தஞ்சாவூரில் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், நான் இங்கிலாந்துக்கு வந்து இருபது வருடம் ஆனதைக் கேள்விப்பட்டு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். ஊரை நினைத்து நாலு பக்கம் போதுமாம். வாய்க்கால், நாற்றங்கால், மார்கழிப் பனி என்று வரும் என எதிர்பார்த்திருப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவன் ஊரை நினைத்து உருக வேண்டும் என்று எங்கோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் உருகப் போவதில்லை. ஒரு சாராயக்கடையைப் பற்றி எழுதப் போகிறேன்.

சாராயக்கடை என்று சொன்னது வீம்புக்குத்தான். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில் என்னைப் பற்றி அப்படித்தான் பேச்சு. தங்கையன் மவன் வியாழக்கிழமை ஆனால் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறானாம். உண்மைதான். ஆஸ்பத்திரியில் பகல் வேலை முடிந்து ஐந்து மணிக்கு நேராக அங்கேதான் போவேன். ஒரு பைண்ட் பீர் வாங்குவேன். அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட. அதை ஏழு மணிவரை வைத்துக் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிடுவேன். இதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

நம் ஊர் ஒயின்ஷாப்பை மனதில் வைத்துக்கொண்டு பப்பைப் பார்க்கக் கூடாது. ஒயின்ஷாப்பில் யாரும் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. தெரிந்தவன் எவனாவது வருகிறானா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஊற்றிக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிற இடம் அது. பப்பில் கிழவிகள் ஸ்வெட்டர் பின்னுவார்கள். மேசைக்குக் கீழே நாய் படுத்திருக்கும். யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யாருக்கு ஆபரேஷன், யார் மகள் வேலையை விட்டுவிட்டாள் என்று எல்லாமே அங்கே தெரிந்துவிடும். வியாழக்கிழமை ஆறு மணிக்குப் பொது அறிவுப் போட்டி. எங்கள் மேசை நாலு தடவை ஜெயித்திருக்கிறது. மருத்துவக் கேள்வி என்றால் எல்லாரும் என் மூஞ்சியைப் பார்ப்பார்கள். குடிக்க மட்டும் என்றால் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி வீட்டிலேயே குடிக்கலாம், மலிவு. குடிப்பதற்காக அங்கே யாரும் வருவதில்லை.

2

நான் இருப்பது வட இங்கிலாந்தில், மழையைத் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத ஒரு சின்ன ஊர். இங்கே நான் நர்ஸ். ஆம்பளை நர்ஸா என்று ஒரு காலத்தில் சிரித்தவர்கள், பிறகு தங்கள் பிள்ளைகளுக்காக விசா விவரம் கேட்டு எனக்குப் போன் செய்தார்கள். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன்.

வந்து ஆறாவது வருடம் குடியுரிமைத் தேர்வு எழுதினேன். அதற்குப் படித்த புத்தகத்தில், இந்த நாட்டில் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசப் பப்புக்குப் போவார்கள் என்று போட்டிருந்தது. எட்டாம் ஹென்றியின் ஆறு பெண்டாட்டிகள் பெயரையே மனப்பாடம் செய்தவன், இதை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? எங்கள் தெருக்கோடியிலேயே ஒன்று இருந்தது. பெயர் 'ஓல்ட் ஷீஃப்', பழைய கதிர்க்கட்டு என்று அர்த்தம். பெயர்ப்பலகையில் ஒரு கதிர்க்கட்டைச் சிவப்பு ரிப்பனால் கட்டி வரைந்திருந்தார்கள். என் அம்மா அடுத்தவர் வயலில் அறுத்து, வைக்கோல் பிரியால் இறுக்கிக் கட்டித் தலையில் வைத்துக் களத்துக்கு நடந்தவள். ரிப்பன் போட்டுக் கட்டினால் வரப்பைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும். இதை வரைந்தவன் வயலையே பார்த்ததில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

ஓரத்து மேசையில் உட்கார்ந்தேன். யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. பத்து நிமிடம் ஆனது. கால் மணி ஆனது. எனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் கையில் கிளாஸோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அரை மணி ஆனதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆக, கடல் தாண்டி வந்தாலும் இதுதான். எழுந்து கோட்டை மாட்டினேன்.

அப்போதுதான் கடையை நடத்தும் ஜோன் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், சிவந்த கைகள், உரத்த குரல். யாருக்காகவாவது காத்திருக்கிறீர்களா என்று கேட்டார். உங்களுக்காகத்தான் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பப்பில் யாரும் மேசைக்கு வந்து கேட்க மாட்டார்களாம். நாம்தான் கவுன்டருக்குப் போய்ச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அந்தப் புத்தகம் இதை எழுதவில்லை.

கவுன்டருக்குப் போனேன். ஜோன் பீர் பிடிக்கக் கிளாஸ் எடுத்தார். நான் ஜோனைப் பார்க்கவில்லை, எந்த அலமாரியிலிருந்து எடுக்கிறார் என்று பார்த்தேன். நாற்பது ஐம்பது கிளாஸ் கவிழ்த்து வைத்திருந்த, எல்லாருக்கும் எடுக்கிற அதே தட்டிலிருந்து, கைக்கு வந்த ஒன்றை எடுத்தார். முன்பு அதில் யார் வாய் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அந்த வாரத்திலிருந்து நான் அங்கே போகிறேன்.

3

அலமாரியைப் பார்த்ததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் பஞ்சாயத்து ஆபீஸ் எதிரே ஒரு டீக்கடை. ஓலைக் கூரை, முன்னால் இரண்டு பெஞ்சு, கூரையைத் தாங்கும் பூவரசந் தூண். பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். அந்தத் தூணில் ஐந்து ஆணிகள் அடித்து, காது வைத்த அலுமினியக் குவளை ஐந்து மாட்டியிருக்கும். அவை எங்கள் காலனித் தெரு ஆட்களுக்கு. நாமே எடுக்க வேண்டும். கடைக்காரர் எட்ட இருந்து ஊற்றுவார். நின்றுகொண்டு குடிக்க வேண்டும். குடித்ததும் நாமே கழுவி ஆணியில் மாட்டிவிட்டு வர வேண்டும். என் அப்பா தங்கையன் இதைத் தினமும் செய்தார். கூட நின்று நான் பார்த்திருக்கிறேன்.

பிற்பாடு இதற்கு முடிவு வந்தது. யாரும் போராடி அல்ல, மனம் மாறியும் அல்ல. பேப்பர் கப் வந்தது. குடித்துவிட்டு எல்லாரும் கசக்கிப் போடுகிற கப். ஒரு நாள் காலையில் பார்த்தால் தூணில் ஆணி மட்டும் இருந்தது. இத்தனை வருடம் இப்படி வைத்திருந்தோமே என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கண்ணாடிக் கிளாஸில் ஒரு தடவைகூடக் குடிக்காமலேதான் அப்பா செத்துப்போனார்.

அவருக்கு நான் கொடுத்த ஒரே பெரிய மரியாதையும் தெரியாமல் கொடுத்ததுதான். பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்றார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். இங்கே வந்தால் இளங்கோவன் என்ற என் பெயரையே காணோம். சம்பளச் சீட்டில், வீட்டு வாடகைப் பத்திரத்தில், சட்டையில் குத்திய அட்டையில் எல்லாம் மிஸ்டர் தங்கையன். பெரிய பெரிய டாக்டர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். திருத்தப் போய் மூன்று ஆபீஸ் அலைந்து, நாலாவது பாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அந்த வாரம் போனில் அப்பாவிடம் சொன்னேன்.

"மிஸ்டர்னா என்னடா?"

"அய்யான்னு சொல்ற மாதிரிப்பா."

பண்ணை வீட்டுப் பத்து வயதுப் பையனும் 'டேய் தங்கையா' என்று கூப்பிட்ட மனிதர்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன். அதற்குப் பிறகு பெயரைத் திருத்தும் எண்ணமே எனக்கு வரவில்லை. ஷீஃபிலும் நான் தங்கையன்தான். என் மேசைக்காரர் பிரையன், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு சமயம் எங்கள் வார்டில் இருதய ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தார். அப்போது என் அட்டையைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் பழகி, அதை அப்படியே பப்புக்குக் கொண்டுவந்துவிட்டார்.

4

இங்கே தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. அங்கே ஏன் போவதில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில்.

போனேன், ஒரு பொங்கலுக்கு. செயலாளர் கணேசன் நல்ல மனிதர், ஓடி ஓடி எல்லாருக்கும் வடை வைத்தார். எனக்கும் இரண்டு வடை வைத்துவிட்டு ஆரம்பித்தார். தஞ்சாவூரா நீங்க? தஞ்சாவூர்ல எங்க? ஒரத்தநாட்டுப் பக்கமா, எந்த ஊரு? ஊர் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது, அவர் ஊரும் பக்கத்தில்தானாம். பிறகு கடைசிக் கேள்வி. ஊர்ல எந்தப் பக்கம்?

ஊசி போட நரம்பு தேடும்போது நாங்கள் இப்படித்தான் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். அகப்பட்டதும் விரல் நின்றுவிடும். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. உயிர் போகிறவர்களை இழுத்துப் பிடித்து வைக்கிற வேலை பார்க்கிறேன். அப்படிப்பட்டவன் பொய் சொன்னேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்றேன். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டே கிடையாது. வீட்டுக்கு வந்து அந்த வடையை வாந்தி எடுத்தேன். பிறகு சங்கத்துப் பக்கமே போகவில்லை. ஷீஃபில் யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை.

அந்தப் பொய்யை வீட்டுக்குள்ளும் வைத்திருந்தோம். மகள் கயலுக்கு இப்போது பதினேழு வயது. அவளிடம் இதையெல்லாம் சொல்வதில்லை என்று நானும் மனைவி பூங்கொடியும் அவள் பிறந்தபோதே முடிவு செய்திருந்தோம். அந்த அழுக்கு இந்தக் கரைக்கு வர வேண்டாம் என்று நினைத்தோம். அதனால் அவளுக்கு ஊர் என்றால் கொசு, உறவுக்காரர்கள், மெதுவான இன்டர்நெட். தாத்தா என்றால் சுவரில் மாட்டிய படம். நாம் கேட்டால் தமிழில் பதில் சொல்வாள், அவளாக ஆரம்பித்தால் ஆங்கிலம்தான். அவள் எங்களை விட்டு விலகிப் போகிறாள் என்று பூங்கொடி புலம்புவாள். எங்கிருந்து விலகுகிறாள் என்றே நாங்கள் அவளுக்குச் சொல்லவில்லையே என்று எனக்குத் தோன்றும். சொன்னால் நம்மைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமோ என்ற பயமும் இருந்தது. அதைத்தான் அன்பு, அக்கறை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம்.

5

இந்த ஜனவரியில் நான் இந்த ஊருக்கு வந்து இருபது வருடம். எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதைப் பிரையன் ஞாபகம் வைத்திருந்தார். அந்த வியாழக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஜோன் வாசலுக்குப் பக்கத்திலிருந்த மரத்தூணைக் காட்டினார்.

தூணில் புதிதாக ஓர் ஆணி. ஆணியில் காது வைத்த ஓர் உலோகக் குவளை. அதில் பெரிய எழுத்தில் 'தங்கையன்' என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தார்கள்.

அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கவுன்டருக்கு மேலே அப்படிப் பதினெட்டுக் குவளைகள் கொக்கியில் தொங்குகின்றன. பல வருடம் வந்து போகும் ஆட்களுக்குக் கடை செய்யும் மரியாதை அது. பிரையனுடையது முப்பது வருடமாகத் தொங்குகிறது. குவளை வேண்டும் என்று கேட்டு வாங்க முடியாது, அவர்களாகத் தர வேண்டும். வெளியிலிருந்து வந்த ஒருவனுக்கு அதுவரை யாரும் மாட்டியதில்லை. மேலே கொக்கிகள் நிரம்பிவிட்டதால் எனக்குத் தூணில் ஆணி அடித்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

எல்லாம் தெரிந்தும் அந்தத் தூணையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அப்பாவின் பெயர். தனிக் குவளை. வாசல் தூண். ஆணி. ஜோன் அதில் பீர் பிடித்து இரண்டு கையாலும் நீட்டினார். யாரோ போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாங்கவில்லை. இதில் குடிக்க மாட்டேன் என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, நாய்கூட எழுந்துவிட்டது. கோட்டை எடுக்காமலே வெளியே வந்துவிட்டேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஐந்து நிமிட நடைதான். பூங்கொடி அடுப்படியில் இருந்தாள். தூண்ல ஆணி அடிச்சு அப்பா பேரு போட்டு மாட்டிருக்காங்க என்று மட்டும் சொன்னேன். அவளும் எங்களைப் போன்ற ஒரு தெருவில் பிறந்தவள்தான். அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

6

கயல் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவள் போனில் அந்த வீடியோ வந்துவிட்டிருந்தது. சின்ன ஊர் அல்லவா.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க? அவங்க எவ்ளோ ஆசையா செஞ்சிருக்காங்க. அது ஒரு மக் தானே?"

மக் தான். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தூண், ஐந்து ஆணி, கழுவி மாட்டுவது, பேப்பர் கப், சங்கத்து வடை, பஸ் ஸ்டாண்ட் பொய் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். அப்படி அவமானப்படுத்துகிற கடைக்குத் தாத்தா ஏன் தினமும் போனார், வீட்டிலேயே டீ போட்டுக் குடித்திருக்கலாமே என்றாள்.

நான் அதை யோசித்ததே இல்லை. யோசித்துச் சொன்னேன். டீக்காக அவர் போகவில்லை. வாய்க்காலில் முறைத் தண்ணீர் என்றைக்கு வருகிறது, நாளைக்கு யார் நடவுக்கு ஆள் கூப்பிடுகிறார், பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்பதெல்லாம் அந்த இடத்தில்தான் தெரியும். யாரோ பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பார்கள், அப்பா தூணோரம் நின்று கேட்பார். போகாமல் இருந்தால் ஊரில் நடப்பது எதுவுமே தெரியாது. ஊர் அங்கே கூடியது, அதனால் போனார். உட்கார விடாவிட்டாலும் போனார். அதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்பது, மகளுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

கயல் எழுந்து மேலே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்கள் சிவந்து இறங்கி வந்தாள். கோபம் எங்கள் மேல்தான்.

"இத்தன வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல? வெக்கப்பட வேண்டியது நாமளாப்பா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பிரையன் என் கோட்டோடு வாசலில் வந்து நின்றார். தாங்கள் செய்த தப்பு என்னவென்று தெரிய வேண்டும் என்றார். பூங்கொடி டீ கொடுத்தாள். கயலும் எங்கள் கூடவே உட்கார்ந்துகொண்டாள். நான் சொல்லி முடித்ததும் பிரையன் தன் அப்பாவைப் பற்றிப் பேசினார். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷீஃபில் அந்தக் காலத்தில் இரண்டு அறைகளாம். கம்பளம் விரித்த அறைக்குள் கரிச்சட்டையோடு வருபவர்களை விட மாட்டார்களாம். அதனால் இந்த வலி தனக்கும் தெரியும் என்றார்.

நல்ல மனதோடு சொன்னார். ஆனாலும் நான் விடவில்லை. விட்டுவிட்டால் என் அப்பாவை விட்டுக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

"பிரையன், உங்க அப்பா வீட்டுக்குப் போய்க் குளிச்சுச் சட்டைய மாத்திட்டு வந்தா உள்ள விட்டிருப்பாங்க. எங்கப்பா எத மாத்திட்டு வருவார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, அந்தக் குவளையைக் கழற்றி உருக்கிவிடட்டுமா என்று கேட்டார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம், அந்தப் பெயர் அங்கேயே தொங்கட்டும் என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன்.

7

நிபந்தனை இதுதான். அந்தக் குவளை எனக்கானது அல்ல, எந்தத் தனி ஆளுக்குமானது அல்ல. ஷீஃபுக்கு முதல் தடவையாக யார் வந்தாலும், அவர் எந்த நாடு, எந்த நிறம், கோட்டு சூட்டா, சேற்றுப் பூட்ஸா என்று பார்க்காமல், முதல் கிளாஸ் அதில்தான் கொடுக்க வேண்டும். எனக்கு எப்போதும் போல அலமாரியில் கைக்கு வரும் கிளாஸ் போதும்.

ஜோன் உடனே ஒத்துக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை, விதியைத் தொடங்கி வைக்க வேண்டும் என்று சொல்லிப் பிரையனே எல்லாருக்கும் முன்னால் அதில் குடித்தார். முப்பது வருடமாகத் தன் குவளையைத் தவிர வேறெதிலும் வாய் வைக்காத மனிதர். அதற்குப் பிறகு வழி தவறி வந்த போலந்து லாரி டிரைவர் அதில் குடித்தார். புதிதாகக் குடிவந்த டீச்சர் குடித்தார், சைக்கிளில் ஊர் சுற்றும் கிழவர் ஒருவரும் குடித்தார். தங்கையன் யார் என்று கேட்பவர்களுக்கு ஜோன் தனக்குத் தெரிந்த உச்சரிப்பில் கதை சொல்கிறார். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று கேள்வி. சொல்லட்டும்.

போன மாதம் ஒரு மாலை. பள்ளிக்கூடம் விட்டுக் கயலும் வந்திருந்தாள், இப்போதெல்லாம் அவளும் எங்கள் மேசைக்கு வருகிறாள், ஆரஞ்சு ஜூஸ். கதவைத் திறந்துகொண்டு தமிழ்ச் சங்கச் செயலாளர் கணேசன் நுழைந்தார். சித்திரைப் புத்தாண்டு விழாவுக்கு இடம் கிடைக்கவில்லையாம், ஷீஃபின் பின்பக்க ஹாலை விசாரிக்க வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடப்பட்டு, பிறகு சந்தோஷப்பட்டு, எங்கள் மேசையிலேயே உட்கார்ந்தார். பீர் வேண்டாம், ஜூஸ் போதும் என்றார்.

ஜோன் தூணிலிருந்து குவளையைக் கழற்றி, அதில் ஜூஸ் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். முதல் தடவை வருகிறவர்தானே. நான் தடுக்கவில்லை.

கணேசன் ஹால் வாடகை, சாப்பாடு, நாற்காலி என்று பேசிக்கொண்டே பாதி குடித்துவிட்டார். பிறகுதான் அதில் வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்தார்.

"தங்கையன். அட, நம்ம பக்கத்துப் பேரால்ல இருக்கு? யாருங்க?"

பதினைந்து வருடம் முன்பு வடைத் தட்டோடு நின்றது நினைவுக்கு வந்தது. பிரையனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கயல் உறிஞ்சு குழலைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா. நீங்க ஒரு தடவ எங்கிட்ட ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்டீங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கம்னு சொன்னேன். எங்க ஊர்ல பஸ் ஸ்டாண்டே இல்லங்க. நாங்க காலனித் தெரு. பஞ்சாயத்து ஆபீஸ் எதுத்தாப்ல டீக்கடைத் தூண்ல எங்கப்பாவுக்குத் தனிக் குவளை மாட்டியிருந்துச்சு. இப்ப நீங்க குடிக்கிறது அவரு பேர்ல உள்ளது."

குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம். கணேசனின் கை குவளையின் காதிலேயே இருந்தது. அந்தத் தூணை அவர் பார்த்திருக்கிறார், அந்தக் கடையில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. குவளைக்குள் பார்த்தார். பாதி ஜூஸ் இருந்தது.

கயல்தான் பேசினாள். அவளாகவே தமிழில் ஆரம்பித்தாள்.

"முடிச்சுடுங்க அங்கிள். அடுத்து யாராவது புதுசா வந்தா அதுலதான் குடுக்கணும்."

கணேசன் குடித்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்தார். மனம் மாறிக் குடித்தாரா, என் மகள் முன்னால் வேறு வழியில்லாமல் குடித்தாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை. ஹாலுக்கு முன்பணம் கட்டிவிட்டு, விழாவுக்கு அவசியம் வாங்க என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிறோம் என்றேன். போகத்தான் போகிறோம், குடும்பத்தோடு. எந்தப் பக்கம் என்று யார் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது.

அவர் போனதும் ஜோன் வந்து காலிக் குவளையை எடுத்துக்கொண்டு போனார். மற்ற கிளாஸ்கள் எல்லாம் மெஷினில் போய்விடும். அந்த உலோகம் மெஷினில் போட்டால் கறுத்துவிடுமாம், கையால்தான் கழுவ வேண்டும். நான் கவுன்டரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். வெந்நீரில் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினார். துணியால் துடைத்தார். அப்பா பெயர் இருந்த இடத்தை இன்னொரு தடவை துடைத்தார். பிறகு நடந்து போய் ஆணியில் மாட்டினார்.

அப்பா கழுவவில்லை. கடைக்காரர் கழுவினார்.